செவ்வாயாக நான் நடந்த மாலை

அன்புள்ள அக்கா,

இதை ஒருவரும் நம்பப் போவதில்லை என்று முதலிலேயே உறுதி கொடுத்துவிடுகிறேன். வங்காள விரிகுடா சாட்சி, மரக்காணத்து உப்பு சாட்சி, என் பொய்ப்பற்கள் சாட்சி. ஒரு கிரகத்தை வழிமறித்து, மண்ணுக்கு இறக்கி, களிமண்ணில் நடக்கவிட்டு, அதன் காலடித் தடத்தை விளக்கு வைத்துச் சோதித்த கதை இது. அந்தக் கிரகம் நான்தான்.

உனக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. நீ அங்கேதான் இருந்தாய். ஆனால் இன்று காலை உன் மகள் பரணைக் காலி செய்தபோது அந்த அரிக்கேன் விளக்கு கீழே வந்துவிட்டது. கண்ணாடி எப்போதோ போய்விட்டது. திரி கருவாடு மாதிரிக் காய்ந்து கிடக்கிறது. ஆனால் எண்ணெய் ஊற்றும் மூடியை நான் திருகியதும், நாற்பது வருஷத்துக்கு மேல் உள்ளே அடைபட்டிருந்த மண்ணெண்ணெய் வாசனை எழுந்து வந்து என்னை "டேய்" என்று கூப்பிட்டது. உன் குரலில்.

உன் மகள் விளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அடிப்பக்கம் அப்பளம் போல நசுங்கியிருந்தது.

"இது எப்படி மாமா இப்படி ஆச்சு?"

"உங்க தாத்தா இதுமேல உக்காந்துட்டாரு."

"எதுக்கு?"

"செவ்வாய் கிரகம் எந்தப் பக்கமா நடக்குதுன்னு குனிஞ்சு பாத்தாரு. வழுக்கிடுச்சு."

"ஆரம்பிச்சிட்டீங்களா மாமா," என்று சொல்லிவிட்டுத் துடைப்பத்தோடு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். என்னைக் கொஞ்சமும் நம்பாமல், ஆனால் கடைசிவரைக்கும் எழுந்து போகாமல் கேட்ட ஆள் இந்த உலகத்தில் நீ ஒருத்திதான்.

எழுபத்தேழு கார்த்திகைக் கடைசியில் உன் கல்யாணப் பேச்சு ஆரம்பித்தது. மாப்பிள்ளை வெளியூர்க்காரன் இல்லை. நம் உப்புப் பாத்திகளுக்கும் ஏழுமலை வீட்டுப் பாத்திகளுக்கும் நடுவில் ஒரே ஒரு வரப்புதான். அந்த வரப்பின் மேல் நின்று நீங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில், வெயில் இல்லாத நாளிலும் உப்பு விளைந்தது என்று ஊரே பேசிக்கொண்டது. ஊர் என்றால் நான். ஆனால் நான் ஊர் முழுக்கப் பேசினேன்.

ஏழுமலையின் அப்பாவை நாம் பெரிய மாமா என்று கூப்பிடுவோம். பெயர் பொருத்தமானதுதான். அவர் மரக்காணத்தில் கடலுக்குள் இறங்கினால் கடலூரில் தண்ணீர் ஏறும். உப்பளத்தில் நின்று அவர் யாரையாவது கூப்பிட்டால், பாண்டிச்சேரியில் அதே பெயர் உள்ளவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அப்பேர்ப்பட்ட மனிதர், பொங்கல் முடிந்ததும் கல்யாணத்துக்கு நாள் குறித்துவரப் பிரம்மதேசத்து ஜோசியரிடம் போனார். திரும்பி வந்தபோது சுருங்கிப் போயிருந்தார். நம் வீட்டு வாசலுக்கு வந்தவர் உட்காரவே இல்லை.

"செவ்வா பின்னாடி போறான்," என்றார் அப்பாவிடம்.

"எங்க போறான்?" என்று அப்பா கேட்டார். அவருக்குக் கொஞ்சம் காது மந்தம்.

"வானத்துலய்யா! நேரா போய்க்கிட்டிருந்தவன், நாம சம்பந்தம் பேசின வாரமே திரும்பிட்டானாம். வக்ரமாம். திரும்பற நேரத்துல ஆரம்பிச்சது எப்படி நிக்கும்? அதுவும் திரும்பி வந்துடும்."

"ஜோசியர் அப்படியா சொன்னாரு?"

"வக்ரம்னாரு. மிச்சம் எனக்குத் தெரியாதா? என் தங்கச்சி கல்யாணம் ஆன வருஷமே பொட்டியத் தூக்கிக்கிட்டு வந்து வாசல்ல நின்னா. சாவற வரைக்கும் எங்க வீட்டுலதான் கெடந்தா. அத நான் பாத்தவன்." இதைச் சொல்லும்போது அவர் குரல் நம் வாசலைக்கூடத் தாண்டவில்லை. "ஒங்க பொண்ணு நல்ல பொண்ணு. அது அப்படி நிக்கறத என்னால பாக்க முடியாது. தை கடைசி வெள்ளிக்கிழமை கிளியனூர்ல ஒரு பொண்ணுக்குப் பூ வெக்கலாம்னு இருக்கறேன்."

அம்மா அடுப்பங்கரையில் அழ ஆரம்பித்தாள். வரப்புக்கு அந்தப் பக்கம் ஏழுமலை தலை குனிந்து நின்றுகொண்டிருந்தான். அப்பா பேச்சை மீறத் தெரியாதவன். அதுவும் அத்தனை பெரிய அப்பா. உலக வழக்கப்படி நீயும் அழ வேண்டிய கட்டம் அது. நீயோ வெளியே வந்து, தலையைச் சாய்த்துக்கொண்டு, ரொம்ப நிதானமாக, "எதுக்கு மாமா பின்னாடி போறான்?" என்று கேட்டாய்.

"என்னாது?"

"பின்னாடி போறான்னா காரணம் ஒண்ணு இருக்கணுமில்ல? எதையாவது மறந்து வெச்சிட்டு வந்துட்டானா?"

பெரிய மாமா உன்னை உற்றுப் பார்த்தார். பிறந்ததிலிருந்து அவரிடம் யாரும் கேட்காத கேள்வி அது. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரப்பேறிப் போய்விட்டார்.

அன்று மாலை நீ என்னைப் பாத்திக்கு இழுத்துக்கொண்டு போனாய். "ஜோசியர் பஞ்சாங்கத்தப் பாத்து சொல்றாரு. நாம ஆளையே பாக்கலாம் வாடா."

ஆள் கிடைப்பது கஷ்டமாக இல்லை. மேற்கே பனைகளுக்குப் பின்னால் சூரியன் இறங்கி முடிந்த கையோடு, கிழக்கே கடலுக்குள்ளிருந்து சிவப்பாக ஒருத்தன் ஏறி வந்தான். அடுப்பிலிருந்து எடுத்த கங்கு மாதிரி. அவனுக்குக் கொஞ்சம் மேலே புனர்பூசத்து இரட்டை நட்சத்திரங்கள். நீ துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை உருவி, கையை நீட்டிப் பிடித்து, இரட்டைக்கும் அவனுக்கும் நடுவிலிருந்த தூரத்தை நகத்தால் கிள்ளி அடையாளம் வைத்தாய். அந்த ஈர்க்கை நீ காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டு போனதை, தச்சு ஆசாரி பென்சில் செருகுவது போல என்று நான் கிண்டல் செய்தேன்.

நான்கைந்து நாள் கழித்து அதே இடத்தில் நின்று மறுபடியும் பார்த்தாய். ஈர்க்கில் கிள்ளியிருந்த இடத்துக்கு உள்ளே வந்துவிட்டான். இன்னும் சில நாள், இன்னும் உள்ளே.

"ஜோசியர் சொன்னது நெசம்தான்டா," என்றாய். அழவில்லை. உன் கண்ணெல்லாம் விரிந்திருந்தது. "புனர்பூசம், பூசம், ஆயில்யம்னு போகவேண்டியவன், ஆயில்யத்து வரைக்கும் போய்ட்டு மறுபடியும் புனர்பூசத்துக்கே வர்றான்."

எனக்கு அது புரியவில்லை. எல்லா நட்சத்திரமும்தானே கிழக்கே முளைத்து மேற்கே போகிறது, இவன் மட்டும் என்ன புதுசு என்றேன். அதற்கு நீ சொன்னதை நான் இன்றைக்கும் வைத்திருக்கிறேன்: "அது ஊரே ஒரு பஸ்ஸுல போற மாதிரிடா. பஸ்ஸு போறத விடு. பஸ்ஸுக்குள்ள யாரு எழுந்து சீட்டு மாறி உக்கார்றாங்க, அதப் பாரு."

சீட்டு மாறியவன் ஏன் பழைய சீட்டுக்கே வருகிறான்? அடுத்த சில நாள் நாம் இரண்டு பேரும் இந்த ஒரு கேள்வியைத் தின்று, கேள்வியைக் குடித்து வாழ்ந்தோம். உனக்கு முன்னால் நான் வைத்த கருத்துகள் வானவியல் வரலாற்றில் பொறிக்கத் தகுந்தவை. செருப்பை மறந்திருப்பான் என்றேன். முன்னால் சனி நின்றிருப்பான், கடன் கேட்பான் என்று திரும்பியிருப்பான் என்றேன். பெரிய மாமா மாதிரி ஓர் அப்பா அவனுக்கும் இருந்து, "டேய்" என்று கூப்பிட்டிருப்பார் என்றேன். கடைசிக் கருத்துக்கு நீ சிரித்தாய். பிறகு வரப்புப் பக்கம் பார்த்தாய்.

உன் கருத்துகள் வேறு ஜாதி. "கடல் உள்வாங்கற மாதிரி இருக்குமோ?" என்பாய். நான் வாயைத் திறப்பதற்குள் நீயே, "அப்படின்னா அந்த ரெட்டையும் சேர்ந்துதானே உள்வாங்கணும்? அது அசையலையே," என்று தள்ளிவிடுவாய். "எதிர்க்காத்துல கட்டுமரம் வளைஞ்சு வளைஞ்சு போகுதே, அந்த மாதிரியோ?" என்பாய். "அங்க எவன் காத்து ஊதறான்?" என்று அதையும் தள்ளிவிடுவாய். உன் கல்யாணத்தின் தலைவிதி அதில் தொங்குகிறது என்பதே உனக்கு மறந்துபோனது போலிருக்கும். ஆனால் பக்கத்துப் பாத்தியில் ஏழுமலை இருமினால் உன் தலை திரும்பும். மறக்கவில்லை.

ஒன்று மட்டும் உன்னைத் தூங்கவிடவில்லை. "பின்னாடி போற நேரத்துல ஏன்டா இவ்ளோ பெருசா எரியறான்? கார்த்திகையில இவன் இந்த அளவுக்கு இல்ல. பின்வாங்கறவன் தூரமா இல்ல போகணும்? இவன் என்னமோ கிட்ட வர்ற மாதிரி இருக்குது."

பதில் நம் காலடியிலேயே இருந்தது.

தையில் நமக்குப் பாத்தி மிதிக்கிற வேலை. மழை ஊறிப் பொதபொதவென்று கிடக்கும் களிமண்ணை மிதித்து மிதித்துக் கெட்டியாக்கினால்தான் உப்புத்தண்ணீர் பாய்ச்ச முடியும். நம் வீட்டில் சுற்றிச் சுற்றி மிதிப்பதுதான் பழக்கம். நடுவில் குடிக்கிற தண்ணீர்க் குடம். அதைச் சுற்றி உள்வட்டத்தில் நீ, வெளிவட்டத்தில் நான். உனக்குச் சுற்று சின்னது, நடையும் வேகம். எனக்குச் சுற்று பெரியது. நடையில் ஒரு ராஜ கம்பீரம் உண்டு. அதற்கு நீ வேறு பெயர் வைத்திருந்தாய், அதை இங்கே எழுத வேண்டாம்.

சாயங்கால வெயிலில் மிதித்துக்கொண்டிருந்தோம். பனைகள் இருக்கிற பக்கத்தில் நீ என்னைத் தாண்டிப் போனாய். போனவள் சட்டென்று நின்றாய்.

"டேய், நீ எதுக்குடா பின்னாடி போன?"

"நான் எங்கக்கா பின்னாடி போனேன்? இந்தக் கால வெச்சிக்கிட்டு முன்னாடி போறதே பெரும்பாடா இருக்குது."

"இல்லடா, உன் தல அந்த மூணாவது பனைக்கு நேரா இருந்துது. நான் தாண்டும்போது ரெண்டாவது பனைக்குப் போயிடுச்சு."

"வெயில்ல உனக்குத் தல சுத்துது."

"நட. திரும்பவும் நட. நிக்காத."

அன்று என்னை நீ நடக்கவிட்ட நடைக்கு, நேராக நடந்திருந்தால் நான் காசிக்குப் போய்த் திரும்பியிருப்பேன். ஒவ்வொரு சுற்றிலும் அதேதான். தூரத்தில் இருக்கும்போது என் தலை பனைகளுக்கு முன்னால் ஒழுங்காக முன்னேறும். நீ நெருங்க நெருங்கத் தயங்கும், நிற்கும். நீ என்னைத் தாண்டுகிற அந்தக் கொஞ்ச நேரத்துக்குப் பின்னால் நழுவும். தாண்டி நீ தள்ளிப் போனதும் மறுபடி ஒன்றும் நடக்காதது போல முன்னால் போகும். நான் பாவம், ஒரே சீராக மிதித்துக்கொண்டிருந்தேன்.

நீ களிமண்ணிலேயே குந்தி உட்கார்ந்துவிட்டாய். முழங்கால் வரை சேறு, முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"அவன் எதையும் மறக்கலடா. நாமதான் மறந்துட்டோம்."

"என்னாத்த?"

"நாமளும் நடக்கறோம்ங்கறத."

பிறகு கடகடவென்று கொட்டினாய். குடம்தான் சூரியன். பூமி உள்வட்டத்தில் வேகமாகப் போகிறது, செவ்வாய் வெளிவட்டத்தில் மெதுவாக வருகிறான். நாம் அவனைத் தாண்டுகிற சமயத்தில் அவன் பின்னால் போவது போலத் தெரிகிறது. தாண்டுகிற நேரம்தானே ரொம்பக் கிட்டே இருக்கும் நேரம்? அதனால்தான் பெரிதாக எரிகிறான். அப்போது குடம் உன் முதுகுப் பக்கம், நான் உன் முகத்துப் பக்கம். அதனால்தான் சூரியன் அங்கே இறங்க, அவன் இங்கே ஏறுகிறான். ஒரு முடிச்சை அவிழ்த்ததும் மூன்று முடிச்சு தானாக அவிழ்ந்தது. நீ கைகொட்டிச் சிரித்தாய். உப்பளத்து நாரையெல்லாம் பறந்துபோனது. இது மிகை இல்லை. யார் கைகொட்டினாலும் நாரை பறக்கும்.

வியாழக்கிழமை வந்தது. மறுநாள் காலை பஸ்ஸில் பெரிய மாமா கிளியனூர் போகப் பூவும் பழமும் வாங்கி வைத்தாகிவிட்டது. நீ நேராக வரப்பு தாண்டிப் போய் அவர் முன்னால் நின்றாய்.

"மாமா, நாளைக்கு கிளியனூர் போறீங்களாமே. போய்ட்டு வாங்க. போறதுக்கு முன்னாடி எங்க பாத்தில ஒரு நட நடந்துட்டுப் போங்க."

"எதுக்கும்மா?"

"செவ்வாய உங்களுக்குக் காட்டறேன்."

அவர் வந்தார். ஏன் வந்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நீ முன்பு கேட்டுவிட்டுப் போன கேள்வி அவரையும் அரித்திருக்கலாம். ஏழுமலையும் பின்னாலேயே வந்து வரப்பில் நின்றான். சூரியன் இறங்கிவிட்டது, மேற்கே சிவப்பு மட்டும் பாக்கி. அதன் முன்னால் பனைகள் கறுப்பாக வரிசையாக நின்றன. அன்றுதான் தண்ணீர் தெளித்து வழித்துவிட்ட பாத்தி. ஒரு காலடிகூடப் படாமல் பளபளவென்று இருந்தது.

எனக்குத் தலையில் சிவப்புத் துண்டு கட்டி, அதன் மேல் அரிக்கேன் விளக்கை ஏற்றி வைத்தாய். அந்தக் கோலத்தில் என்னைப் பார்த்து, அதற்குள் கடலுக்கு மேலே ஏறிவிட்டிருந்த அசல் செவ்வாய் வெட்கத்தில் இன்னும் சிவந்தான்.

"இவன்தான் செவ்வா. நீங்க பூமி மாமா."

பெரிய மாமா குனிந்து தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டார். "பொருத்தமாத்தான் இருக்குது," என்றார். வரப்பில் ஏழுமலை வாயைப் பொத்திக்கொண்டான்.

நீ அவர் கையைப் பிடித்து உள்வட்டத்தில் இழுத்துக்கொண்டு ஓடினாய். அவர் வேகமாக நடப்பது என்பது மனிதர் நடக்கிற வகையில் சேராது, அது இயற்கைச் சீற்றம். நான் வெளிவட்டத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டு அரசனைப் போல நடந்தேன். "விளக்கையும் பனையையும் பாருங்க மாமா, காலப் பாக்காதீங்க!" என்று நீ கத்தினாய். அவர் என்னை நெருங்கினார். தாண்டினார்.

"டேய்! பின்னாடி போறான்! பின்னாடி போறான்!"

"போறானா மாமா?"

"போறான்! நாலாவது பனையில இருந்தவன் மூணாவதுக்குப் போயிட்டான்!"

"அவன் போகல மாமா. அவன் முன்னாடிதான் நடக்கறான். நீங்க அவனத் தாண்டினீங்க."

அவர் நின்றார். மூச்சு வாங்கியது. முகத்திலிருந்த உற்சாகம் மெதுவாக இறங்கியது. என்னைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார்.

"யாருகிட்டம்மா கத விடற? இவன் பொறந்ததுலேர்ந்து உப்பு வார்றவன்."

நான் இதை எதிர்பார்க்கவில்லை. நீயும்தான். வெளியூர்க்காரன் யாராவது இருந்திருந்தால் இந்த ஐயம் அவன் புத்தியில் உதித்தே இருக்காது. உப்பு வாருகிறவர்கள் பலகையைத் தங்கள் பக்கமாக இழுத்துக்கொண்டு பின்னோக்கியேதான் நடப்பார்கள். நாள் முழுக்க, வருஷம் முழுக்க. திரும்பிப் பார்க்காமல் வரப்பின் மேல் பின்னால் நடக்க நம் ஊர் ஆளுக்குக் கால் தானாகப் போகும்.

"இவனுக்கு முன்னாடி நடக்கறத விட பின்னாடி நடக்கறது சுலபம். நான் பனையப் பாக்கற நேரத்துல நாலு எட்டு பின்னாடி வெச்சிட்டான். எங்கிட்டயேவா?" அவர் கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "பரவால்லம்மா. சின்னப் பசங்க. நான் வர்றேன்."

வரப்பை நோக்கித் திரும்பினார். ஏழுமலையின் முகம் எனக்கு விளக்கு வெளிச்சத்தில் தெரிந்தது. என் வாழ்நாளில் முதன்முறையாகச் சொல்ல ஒரு பொய்கூட எனக்கு அகப்படவில்லை. கொடுமை என்னவென்றால், அன்றைக்கு நான் உண்மையாகத்தான் நடந்திருந்தேன். எனக்குப் பழக்கமில்லாத வேலை; அதற்கு இதுதானா மரியாதை?

"மாமா," என்றாய் நீ. "கால்தடத்தப் பாத்துட்டுப் போங்க."

அவர் கால் அந்தரத்தில் நின்றது. 

திரும்பி வந்தார். என் தலையிலிருந்த விளக்கை வாங்கினார். குனிந்தார். வழித்துவிட்ட களிமண்ணில் என் காலடிகள் வட்டமாக, அச்சு வார்த்தது போலப் பதிந்திருந்தன. ஒவ்வொன்றிலும் ஐந்து விரலும் தெளிவாக இருந்தன, எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல். அவர் ஒரு தடத்தையும் விடவில்லை. பனைப் பக்கம் வந்ததும் விளக்கைக் கீழே வைத்துவிட்டு, இன்னும் கிட்டே குனிந்து, விரலால் என் பெருவிரல் தடத்தைத் தொட்டுப் பார்த்தார். நான் பின்னால் போனதாக அவர் தன் கண்ணாலேயே பார்த்த இடம் அதுதான். நாலு எட்டு பின்னால் வைத்திருந்தால் அங்கே தடம் இரட்டித்திருக்கும்; எல்லாம் ஒற்றையாக, முன்னால்தான் போயிருந்தன.

அப்போதுதான் வழுக்கியது. விளக்கின் மேலேயே உட்கார்ந்தார். அந்தச் சத்தத்துக்குச் செங்கல்பட்டில் இடி என்று நினைத்துக் காயப்போட்ட துணியை எடுத்திருப்பார்கள். விளக்கு அணைந்தது. அவர் உட்கார்ந்த இடத்தில் புதிதாக ஒரு பாத்தியே உண்டாகி, அந்தக் கோடையில் அதில் மட்டும் தனி விளைச்சல் எடுத்தோம்.

ஆனால் எழுந்திருக்கவில்லை அவர். அப்படியே களிமண்ணில் உட்கார்ந்து, இருட்ட ஆரம்பித்த கடலுக்கு மேலே தெரிந்த சிவப்புப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அவன் திரும்பல."

"திரும்பல மாமா."

"நாமதான் தாண்டிப் போறோம்."

"ஆமா மாமா."

அலைச் சத்தம் கேட்டது. "என் தங்கச்சிய ஊரே சொல்லிச்சு, திரும்பி வந்துட்டா, திரும்பி வந்துட்டான்னு," என்றார். "நானும்தான் சொன்னேன்." நீ ஒன்றும் கேட்கவில்லை. எதைக் கேட்கலாம் எதைக் கேட்கக்கூடாது என்பது உனக்குத் தெரிந்திருந்தது. கையை மட்டும் நீட்டினாய். நீ ஒரு கை, நான் ஒரு கை, ஏழுமலை வரப்பிலிருந்து குதித்து வந்து பின்னால் தாங்க, தரைதட்டிய கப்பலை மீட்பது போல அவரை மீட்டோம்.

எழுந்து நின்றதும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "அப்படின்னா நாம ஜெயிச்சிட்டோம்னு சொல்லு!"

மறுநாள் கிளியனூருக்கு வாங்கிய பூவும் பழமும் வரப்பைத் தாண்டி நம் வீட்டுக்கு வந்தன. அவர் பஸ் ஏறிப் போனது பிரம்மதேசத்துக்கு. கூட நானும் போனேன், சாட்சிக் கிரகமாக. அவர் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு ஜோசியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வக்ரம்னா கண்ணுக்கு அப்படித் தெரியற காலம்னுதானேய்யா அர்த்தம். கணக்கு போடறவனுக்கு அது தெரியாதா? பொண்ணு திரும்பி வந்துடும்னு நான் எப்ப சொன்னேன்? நீங்க வக்ரம்ங்கற வார்த்தையக் கேட்ட உடனே எழுந்து போயிட்டீங்க." பெரிய மாமா அதைக் காதில் வாங்கவே இல்லை. மாசியிலேயே நாள் வேண்டும் என்றார். அவன் நேராகிற வரைக்கும் காத்திருக்க மாட்டேன், அவன் பின்னால் போவது போலத் தெரிகிறபோதே வேண்டும் என்றார்.

பந்தலில் அவர் ஒவ்வொருவரையும் நிறுத்திச் சொன்னார்: "செவ்வாய முந்திக்கிட்டோம் தெரியுமில்ல?" பலர் அது ஏதோ பஸ் கம்பெனி என்று நினைத்துக்கொண்டார்கள். அன்று மாலை நீ மாலையும் கழுத்துமாக வெளியே வந்து, கையை நீட்டி, விரலாலேயே அளந்து பார்த்தாய். அவன் இரட்டைக்குக் கீழே வந்து அனேகமாக நின்றுவிட்டிருந்தான். "நாம ரொம்பத் தள்ளிப் போயிட்டோம். இனிமே நேராயிடுவான்," என்று ஏழுமலையின் காதில் சொன்னாய். கல்யாணத்தன்று மாப்பிள்ளையிடம் பெண் முதலில் பேசிய பேச்சு அதுதான் என்று அவரே பிற்பாடு சொல்லிச் சிரிப்பார்.

நீ ஒரு நாளும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வரவில்லை. நமக்கு நடுவே ஒரு வரப்புதான் என்பதால் தினமும் காபி குடிக்க மட்டும் வந்தாய்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன் அக்கா. நீ எந்த வயதில் போனாயோ, அந்த வயதை நான் போன தையில் தாண்டிவிட்டேன். உனக்குத் தம்பியாகப் பிறந்தவன், வெளிவட்டத்துச் சோம்பேறி, உன்னை முந்திவிட்டேன். முந்திய நாளிலிருந்து ஒன்று கவனிக்கிறேன். முதலில் எல்லாம் உன்னை நினைத்தால் ஆஸ்பத்திரிக் கட்டில்தான் வரும். பிறகு நரை விழுந்த உன் வகிடு வந்தது. அப்புறம் பிள்ளைகளை ஸ்கூலுக்குத் துரத்துகிறவள். இப்போது கண்ணை மூடினால் முழங்கால் வரை சேறோடு, காதில் ஈர்க்கோடு நிற்கிறவள்தான் வருகிறாள். நீ பின்னால், பின்னால் போய்க்கொண்டே இருக்கிறாய். உன் மகள் எனக்கு ஞாபகம் தடுமாறுகிறது என்கிறாள். அவளுக்கு என்ன தெரியும்? நீ எங்கேயும் திரும்பிப் போகவில்லை. நான் நடந்துகொண்டிருக்கிறேன், அவ்வளவுதான். எது பின்வாங்குவதைப் பார்த்தாலும், முதலில் குனிந்து என் காலைப் பார்க்கிற பழக்கத்தை நீ எனக்கு வைத்துவிட்டுப் போயிருக்கிறாய்.

மரியாதையாகக் கூப்பிடு, இனிமேல் நான்தான் மூத்தவன்.

விளக்கைத் துடைத்து ஜன்னலில் வைத்திருக்கிறேன். உன் மகள் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "சரி மாமா, இதுல எதுதான் நெசம்?" என்றாள். கடலூரில் தண்ணீர் ஏறவில்லை என்று ஒப்புக்கொண்டேன். செங்கல்பட்டில் யாரும் துணி எடுக்கவில்லை. தனி விளைச்சல் இல்லை. செவ்வாய் வெட்கப்படவில்லை. கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தேன். விளக்கு நசுங்கியதைக்கூட, போகட்டும், பரணிலிருந்து விழுந்து நசுங்கியது என்றே அவள் வைத்துக்கொள்ளட்டும்.

ஆனால் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது, அக்கா. அந்தச் சின்ன விஷயம் மட்டும் நிஜம். அன்றைக்கு நான் முன்னால்தான் நடந்தேன்.